அருளப்பன் அண்டாவில் அம்மன் கூழ்

பலகைகள் எல்லாம் மாட்டியிருந்தன.

மில் சங்கு ஊதி ஓய்ந்து, உமி எரிகிற வாசனை ரோடு முழுக்கப் பரவியிருந்தது. அந்த நேரத்தில் சூசையம்மா கடையின் பலகைக் கதவுகள் கழற்றப்பட்டுச் சுவரோரம் சாத்தியிருக்க வேண்டும். நொய்க் கஞ்சியின் ஆவி வாசலுக்கு வந்திருக்க வேண்டும். அம்மியில் துவையல் அரைபடுகிற சத்தம் கேட்க வேண்டும். ஒன்றும் இல்லை. கடை வாசலில் வெள்ளையாகப் பொடி தூவியிருந்தது. கோலமாவு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தபோது மருந்து நெடி மூக்கை அறுத்தது.

தூத்துக்குடிக்கு அரிசி ஏற்றிப்போன லாரியில் கிளீனராகப் போய்விட்டுச் சில நாள் கழித்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தேன். வழியெல்லாம் அந்தக் கஞ்சியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பலகை இடுக்கில் வாயை வைத்து, "அக்கா" என்று கூப்பிட்டேன்.

"அடைச்சாச்சு ராசு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஜீப்புல வந்து சொல்லிட்டுப் போயிட்டாக. சமைச்ச பண்டம் எதையும் விக்கப்படாதாம்."

"எனக்குமா?"

"நீ என்ன கவர்னரா?"

குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் பலகை அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வேறு எங்கே போவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

புதுவயலில் என் வீடு

செங்கல் சூளையை விட்டுவிட்டுப் புதுவயலுக்கு வந்து சேர்ந்த கதையைப் போன வாரம் சொன்னேன். வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் கணக்கில் அது பெரிய காலம். ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாக இறங்கியவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை.

புதுவயலில் எனக்கு வீடு கிடையாது. மில்லில் சாக்கு அடுக்குகிற கொட்டகையில் படுப்பேன். ஆனால் படுக்கிற இடத்தை யாராவது வீடு என்று சொல்வார்களா? காலையில் முகம் கழுவ ஊருணிப் படிக்கட்டு. கஞ்சிக்குச் சூசையம்மா கடை. சவரத்துக்கு முக்கில் சுப்பையா சலூன். சாயங்காலம் சைக்கிள் கடை வாசலில் ரேடியோ. ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்குப் போனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நன்னாரி சர்பத். இத்தனையையும் சேர்த்தால்தான் என் வீடு. அடுப்படி ஓரிடத்தில், கண்ணாடி ஓரிடத்தில், பாட்டுச் சத்தம் ஓரிடத்தில்.

என் தகரப்பெட்டிகூடச் சூசையம்மா கடைப் பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தது. அதில் ஒரு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு சீப்பு. கொட்டகையில் வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவரே வாங்கி உள்ளே தள்ளிவிட்டார்.

சூசையம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கல்லல் பக்கம் பிறந்தவர். கடைச் சுவரில் மாதா படம் மாட்டியிருக்கும். அதன் கீழே தினம் ஒரு செம்பருத்திப்பூ. புருஷன் அருளப்பன் மில் பாய்லரில் வேலை பார்த்தவர். நான் வருவதற்குச் சில வருஷம் முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார். அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் கடையில் எந்தப் பாத்திரத்தைத் திருப்பினாலும் அவர் பெயர் இருக்கும். புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய எழுத்து: ச. அருளப்பன். கரண்டியில்கூட வெட்டியிருந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பேரு எழுத மட்டுந்தான் தெரியும். தெரிஞ்சத விடாமச் செஞ்சாரு" என்பார் சூசையம்மா.

ஒவ்வொன்றாக

அந்த வருஷம் வந்தது காலரா. அறுபதுகளின் கடைசியா, எழுபது பிறந்துவிட்டதா என்று சரியாக நினைவில்லை. எங்கோ கிழக்குத் தீவுகளில் கிளம்பி, கப்பல் ஏறி, தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு நம் ஊருக்கு வந்த நோய் என்று சலூனில் கிடந்த பேப்பரில் போட்டிருந்தது. சுப்பையா அதை உரக்கப் படித்துவிட்டு, "இத்தன தேசம் பாத்துட்டு, பாவம், புதுவயலப் பாக்காமப் போனா அதுக்கு மனசு ஆறாதுல்ல" என்றார்.

மறு வாரம் அவரே கடையை அடைத்தார். அவரை யாரும் மூடச் சொல்லவில்லை. அடுத்தவன் முகத்தைத் தொட்ட கையால் தன் முகத்தைத் தொடவிட ஆட்கள் பயந்தார்கள். சில நாள் வெறும் நாற்காலிக்குக் காவல் இருந்துவிட்டு அவர் மாமியார் ஊருக்குப் போனார். அதன் பிறகு நான் என் முகத்தைப் பார்த்தது லாரியின் பக்கக் கண்ணாடியில்தான். என் சீப்பு பெட்டியோடு கிடந்ததால், அந்த லாரியை ஓட்டும் நாகு டிரைவர் தன் சீப்பைக் கொடுத்து உதவினார்.

சர்பத் கடையில் பாட்டில்களைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். தர்ப்பூசணி வெட்டி விற்கிறவனின் தட்டைச் சாக்கடையில் கொட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். டூரிங் கொட்டகையில் படம் நின்றது. சைக்கிள் கடைக்காரர் கடையைத் திறந்துதான் வைத்திருந்தார். ஆனால் கூட்டம் கூடக் கூடாது என்று ரேடியோவை உள்ளே தூக்கி வைத்துவிட்டார். சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் சுவருக்கு அங்குட்டு யாரோ பாடுவது கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோலக் கேட்கும்.

ஊருணிக்குக் காவல் போட்டார்கள். மில் தண்ணீரில் மருந்து கலந்தார்கள். அந்தத் தண்ணீரில் எதைக் காய்ச்சினாலும் சுண்ணாம்பும் இரும்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. மில் மேஸ்திரி வீட்டில் எனக்கு ஒரு தம்ளர் டீ கொடுத்தார்கள். குடித்தேன். அது டீயே இல்லை.

பசி எனக்குப் பழக்கம். சூளையில் இரண்டு நாள் தண்ணீரைக் குடித்துவிட்டு மண் மிதித்திருக்கிறேன். கொட்டகையில் நானே மூன்று கல்லைக் கூட்டி, நொய்யைப் பொங்கித் தின்றேன். வயிறு நிறைந்தது. ஆனால் "உப்புப் போதுமா?" என்று கேட்க ஆள் இல்லாத சாப்பாடு அது. அப்படி ஒரு கேள்வி இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

முத்தையாவுக்கு வந்தது

எங்கள் மில்லில் முதலில் விழுந்தவர் முத்தையா. மூட்டை தூக்குகிறவர், நல்ல திடமான ஆள். நான் தூத்துக்குடியிலிருந்து திரும்பியதற்கு முந்தின நாள் காலையில், எல்லாரையும்போல அவரும் சூசையம்மா கடையில் கஞ்சி குடித்திருக்கிறார். துவையல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியிருக்கிறார். மத்தியானம் நெல் ஊறுகிற தொட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தார். மாட்டுவண்டியில் போட்டுக் காரைக்குடிக்குக் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இதற்கென்று ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். அங்கே கையில் ஊசி குத்திப் பாட்டில் தண்ணீர் ஏற்றினார்கள்.

அவர் மனைவி செல்லாயி எங்கள் மில் களத்தில் அவித்த நெல்லைக் காய வைத்துக் கிண்டுகிறவள். குரல் பெரிய குரல். களத்தின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் காக்கை பறக்கும். கொட்டகைக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்தபடி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் ஒன்றைத்தான் சொன்னாள்.

"வீட்டுல ஒண்ணும் சாப்புடல. அந்தப் பொம்பள கடைத் துவையலத் தின்னாரு, விழுந்தாரு."

அதே துவையலைக் கருப்பையா மேஸ்திரியும் தின்றிருந்தார். பாய்லர்காரரும் தின்றிருந்தார். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அவர்களும் வெளியே சொல்லவில்லை.

என் சின்ன வயதில் எங்கள் ஊருக்கும் இந்த நோய் வந்தது. ஊரே வயல்காட்டுக்குக் குடிபோனது. என் தங்கை ஒருத்தி அங்கேதான் போனாள். காலையில் மண்ணில் விளையாடினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் இல்லை. நாங்கள் குடித்தது வாய்க்கால் தண்ணீர். ஆனால் என் அம்மா கடைசிவரைக்கும் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த கொழுக்கட்டையைத்தான் சொன்னாள். அந்த வீட்டோடு பிறகு பேசவே இல்லை. அதனால் செல்லாயி சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. முன்பே கேட்ட பேச்சு மாதிரி இருந்தது.

உமி மேட்டில் ஒளிந்தவர்

இதற்கு நடுவில் ஊசி போட வந்தார்கள். மில் வாசலில் மேசை போட்டு, ஸ்டவ்வில் ஊசியைக் கொதிக்க வைத்தார்கள். பெண்கள் முதலில் வரிசையில் நின்றார்கள். மூட்டைக்காரர்களில் பெரியகருப்பன் என்று ஒருவர். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, லாரிக்குச் சாய்த்துப் போட்ட சாரப்பலகையில் நடப்பவர். அவரைக் காணோம்.

தேடினால் உமி மேட்டுக்குள் கழுத்துவரை புதைந்து கிடந்தார்.

"ஏப்பா, வெளிய வா. எறும்பு கடிக்கிற மாதிரித்தான் இருக்கும்" என்றார் மேஸ்திரி.

"எறும்பு கடிச்சா நசுக்கிப்புடலாம். இந்த அம்மாவ என்ன செய்யிறது?"

ஊசி போட வந்த நர்சம்மாவுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. கடைசியில் நால்வர் பிடித்து இழுத்து வந்து போட்டார்கள். கை வீங்கி, காய்ச்சலும் வந்து இரண்டு நாள் மூட்டை தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். "சூசையம்மா கஞ்சி இருந்தா இந்தக் காய்ச்சலே தெரியாது" என்று அவர் வாய் தவறிச் சொன்னதும், களத்துப் பெண்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். பெரியகருப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திறந்த கடை

பிறகு ஒரு நாள் சுகாதார இலாகா ஜீப் மறுபடியும் வந்தது. கொதிக்க வைத்த தண்ணீர், மூடி போட்ட பாத்திரம், ஈ அண்டாத இடம் என்று சில நிபந்தனை சொல்லி, கடைகளைத் திறந்துகொள்ளலாம் என்றார்கள். டீக்கடை திறந்தது. கூட்டம் அலைமோதியது. சுப்பையா திரும்பி வந்தார். சலூன் வாசலில் கல்யாணக் கூட்டம்போல ஆட்கள் நின்றார்கள். சைக்கிள் கடை ரேடியோ வாசலுக்கு வந்தது.

சூசையம்மா கடைக்குச் சுண்ணாம்பு அடித்தார். பெஞ்சைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தார். ஈ வராமலிருக்க வாசலில் மல்லுத் துணியைத் தொங்கவிட்டார். அம்மியைக் கொதி தண்ணீர் ஊற்றிக் கழுவினார். முதல் நாள் காலை உள்ளே போய் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான்.

"நீ வந்தாப் போதும், மத்தவுக வருவாக" என்றார் அவர்.

வரவில்லை. நான் ஒவ்வொரு வாயையும் ரோட்டுக்குத் தெரிகிற மாதிரித் தூக்கித் தூக்கிச் சாப்பிட்டேன். மூட்டைக்காரர்கள் எதிர்ப்பக்கம் நடந்து போனார்கள். என்னைப் பார்த்து ஒருவர் சொன்னது காதில் விழுந்தது: "அவனுக்கென்ன, கல்லத் தின்னாலும் செரிக்கும். கேக்க நாதி இல்லாதவன்."

உண்மைதான். நான் தின்று பிழைத்தால் யாருக்கும் அது சாட்சி இல்லை.

கஞ்சி தினம் மிஞ்சியது. அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றும்போது சூசையம்மா வேறு எங்கோ பார்ப்பார். ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் பலகைகளை அவரே மாட்டிவிட்டார்.

"ஜீப்பு வந்து மூடுனப்ப திரும்பத் தொறக்கலாம்னு இருந்துச்சு. இப்ப யாரு வந்து தொறக்கச் சொல்லுவா?" என்றார். "தம்பி வீட்டுக்குப் போறேன் ராசு, கல்லலுக்கு. அவன் பொண்டாட்டிக்குச் சமையல்ல கூடமாட இருந்துக்கிறேன். வெள்ளிக்கிழம கழிச்சுக் கெளம்புறேன். ஒம் பெட்டிய அதுக்குள்ள எடுத்துக்க."

எனக்கும் ஊரை விட்டுப் போகலாம் என்று தோன்றியது. நாகு அண்ணன் சனிக்கிழமை காலையில் தூத்துக்குடி லாரி எடுப்பதாக இருந்தார். அவரிடம் சொல்லி வைத்தேன். அங்கே உப்பளத்தில் வேலை இருக்கும். நான் அப்படித்தான். ஓரிடத்தில் அடுப்பு அணைந்தால் அடுத்த ஊருக்கு நடப்பேன்.

அண்டா தேடிப் போனது

நோய் தணிந்ததற்காக அந்த ஆடி வெள்ளியில் மில் ஆட்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக நேர்ந்திருந்தார்கள். கேப்பை வந்து இறங்கியது. சின்ன வெங்காயம் வந்தது. மோர்ப் பானைகள் வந்தன. கூழ் காய்ச்ச அண்டா இல்லை.

எப்போதும் காரைக்குடியில் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் எடுப்பார்கள். மேஸ்திரி என்னை அனுப்பினார். போனால் கடை பூட்டிக் கிடந்தது. நோய்க்குப் பயந்து குடும்பத்தோடு அமராவதிபுதூருக்குப் போனவர் இன்னும் வரவில்லை, சாவியும் அவரிடம்தான் என்றார்கள். மில்லிலேயே ஓர் அண்டா உண்டு. அதில்தான் அத்தனை நாளும் மருந்துப் பொடி கரைத்தார்கள். எத்தனை தேய்த்தும் வாடை போகவில்லை.

"அம்மனுக்கு இந்த வாடையோடயா ஊத்துறது?" என்று தலையில் கை வைத்தார் மேஸ்திரி.

நான் சூசையம்மாவிடம் போனேன். பின்வாசலில் உட்கார்ந்து சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். பெரிய பித்தளை அண்டாவைத்தான் இன்னும் கட்டாமல் வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அருளப்பன் முதல்முதலாக வாங்கிய பாத்திரம் அது.

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"எங்க மாதாவும் பொம்பள, ஒங்க மாரியும் பொம்பள. பொம்பளைக்கிப் பொம்பள பாத்திரம் குடுக்க மாட்டேன்னா சொல்லுவாக? எடுத்துக்க. ஆனா எம் பாத்திரம்னு சொல்லித்தான் குடுக்கணும். தெரியாமக் குடுத்தா அது ஏமாத்து."

சொன்னேன். மேஸ்திரி மீசையைத் தடவினார். அண்டாவைச் சுற்றி வந்தார். விளிம்புக்குக் கீழே இருந்த பெயரைப் பார்த்தார்.

"என்கிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அப்பறம் என்ன? சொல்லியாச்சு."

வேப்பிலைத் தோரணம் கட்டி, அண்டாவின் கழுத்தில் சுற்றினார். ஒரு சுற்றுதான் வழக்கம். அன்றைக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். மஞ்சளையும் தாராளமாக அப்பினார். பெயர் இருந்த பக்கம் வேப்பமரமே முளைத்த மாதிரி ஆயிற்று.

தோரணம் விழுந்தது

கூழ் ஊற்றியது மத்தியானம். களத்தின் ஓரத்து வேப்பமரத்தடியில் குலவைச் சத்தம் கேட்டது. பெண்கள் சட்டி, தூக்கு, ஈயப் போகணி என்று கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து நின்றார்கள். செல்லாயியும் வந்திருந்தாள். முத்தையா பிழைத்து வீட்டுக்கு வந்து சில நாள் ஆகியிருந்தது. எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். ஆனால் இருந்தார். செல்லாயியின் குரல் குலவையில் தனியாகக் கேட்டது.

அவள் நின்றபடியே ஒரு சட்டிக் கூழ் குடித்தாள். இன்னொன்று வாங்கினாள். "என்னா ருசி! அடிப்பிடிக்காமக் காச்சியிருக்கீக. யாரு காச்சுனது?" என்றாள். புருஷனுக்கென்று தூக்கு நிறைய வாங்கினாள்.

கடைசியில் அடியில் கிடந்ததை வழிக்க அண்டாவைச் சாய்த்தார்கள். வதங்கிப்போயிருந்த தோரணம் நழுவிக் கீழே விழுந்தது. மஞ்சள் பூசிய பித்தளையில் புள்ளி எழுத்து பளிச்சென்று தெரிந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தப் புள்ளி எழுத்தைத் தெரியும். எத்தனையோ காலைகளில் அந்தப் பெயர் வெட்டிய சட்டியில் கஞ்சி குடித்தவர்கள்.

பெரியகருப்பன் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார்.

எல்லாரும் செல்லாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் தூக்கு இருந்தது. அதைக் கொட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மன் கூழைக் கொட்ட முடியாது. கொட்டாமல் புருஷனுக்குக் கொண்டுபோகவும் முடியாது. அவள் முகத்தில் இரண்டும் மாறி மாறி வந்தன.

"யாரு கொண்டாந்தது?" என்றாள்.

"நான்தான்" என்றேன்.

"அந்தப் பொம்பள என்னா சொல்லுச்சு?"

"எம் பாத்திரம்னு சொல்லித்தான் குடுக்கணும்னுச்சு."

செல்லாயி தூக்கை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள். பிறகு வழக்கமான குரலில் கத்தினாள்.

"அப்ப என்னத்துக்குய்யா வேப்பிலையப் போட்டு மூடுனீக? ஏன், அருளப்பண்ணே பேரு ஊருக்குத் தெரியாத பேரா?"

மேஸ்திரி இருமினார்.

"புளி கொண்டாங்கடி" என்றாள் அவள். "செங்கப்பொடி கொண்டாங்க. சாமிக்கு வாங்குன பாத்திரத்த இப்படியா போட்டு வைப்பீக, ஈ மொய்க்க?"

தூக்கை மகளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து தேய்த்தாள். யாரையும் பக்கத்தில் விடவில்லை. உள்ளே, வெளியே, காதுக்குள், விளிம்புக்கு அடியில். பெயர் இருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். தேய்த்து முடிந்தபோது அண்டாவில் மரத்துக் கிளை தெரிந்தது.

பின்வாசலில்

வெயில் தாழ்ந்த பிறகு அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு செல்லாயி முன்னால் போனாள். மூடியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். சூசையம்மா பின்வாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"இந்தாங்கக்கா, ஒங்க அண்டா."

"அங்குட்டு வையி."

வைத்துவிட்டு நின்றாள். சேலை முந்தியைச் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"தம்பி எப்படி இருக்காரு?" என்று கேட்டார் சூசையம்மா. முத்தையாவை அவர் தம்பி என்றுதான் சொல்வார்.

"இருக்காரு. கஞ்சி எறங்க மாட்டேங்குது. நானும் வச்சுக் குடுத்துப் பாத்துட்டேன். ஒரு வாய் குடிச்சுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறாரு." முந்தியை இழுத்துச் செருகினாள். "ஒங்க தொவையலு வேணுமாம்."

சூசையம்மாவின் ஊசி நின்றது.

"எந் தொவையலத் தின்னுதான் விழுந்தாருன்னு ஊரெல்லாம் சொன்னியேத்தா."

"சொன்னேன்."

"களத்துல சொன்ன. ஆஸ்பத்திரியில சொன்ன. ஜீப்புக்காரவுககிட்டயும் சொன்ன."

"சொன்னேன்க்கா. வண்டியில போட்டுக்கிட்டுப் போறப்ப அவரு கண்ணு மேல சொருகிருச்சு. யாரையாச்சும் திட்டணும் எனக்கு. ஊருணியப் போயித் திட்ட முடியுமா? அது திரும்பி ஒரு வார்த்த பேசுமா?"

சூசையம்மா அண்டாவையே பார்த்தார். எழுந்து போய் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் தேச்சிருக்க. அவரு இருந்தப்பகூட இப்படிப் பளபளத்ததில்ல." பிறகு சாக்கைக் காட்டினார். "அடுப்புல நெருப்பு இல்ல. அம்மி அந்தச் சாக்குக்குப் பின்னாடி கெடக்கு. காலையில வா, பாக்கலாம்."

எது நோயைக் கொண்டுவந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். துவையலிலும் அந்தத் தண்ணீர்தானே இருந்தது? சூசையம்மாவும் இதை நினைத்திருப்பார். அவர் அம்மியை அத்தனை தடவை கழுவியதைப் பார்த்தவன் நான்.

பெட்டி

மறுநாள் காலை சங்கு ஊதியபோது நாகு அண்ணன் லாரியைக் கிளப்பிவிட்டார். "பெட்டிய எடுத்துக்கிட்டு ஓடியா, நிக்க மாட்டேன்" என்றார். ஓடினேன்.

பலகைகள் சுவரில் சாத்தியிருந்தன. மல்லுத் துணிக்குப் பின்னால் ஆவி. அம்மிச் சத்தம். செல்லாயி தூக்கோடு வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். எதிர்ப்பக்கம் மூட்டைக்காரர்கள், சும்மா நிற்கிறவர்கள்போல நின்றிருந்தார்கள்.

"உள்ள வந்து உக்காரு" என்றார் சூசையம்மா.

"நானா? பெஞ்சிலயா?"

பெண்கள் அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெஞ்சு ஆண்களுக்கானது.

"ஒன்னத்தான். அவருக்குக் கொண்டு போறதுக்கு முந்தி நீ சாப்புடு. ரோட்டுல போறவுக பாக்கட்டும்."

செல்லாயி எதிர்ப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போய், பெஞ்சின் நடுவில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். பெஞ்சு உயரம். கால் தரைக்கு எட்டவில்லை. அடியில் துழாவி, என் தகரப்பெட்டியின் மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டாள்.

சூசையம்மா கஞ்சிச் சட்டியை வைத்தார். ஓரத்தில் துவையல். "உப்புப் போதுமா பாரு."

செல்லாயி விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"எம்புட்டு மொளகாக்கா வச்சீக?"

"இத்தன நாளு அரைக்காத மொளகா எல்லாம் சேந்துருச்சு. குடி."

குடித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே குடித்தாள். பெரியகருப்பன் ரோட்டைத் தாண்டி வந்து, துணிக்கு வெளியே நின்று, "அக்கா, எனக்கும் ஒரு சட்டி" என்றார். "ஊசி போட்ட கை இன்னும் வலிக்குது" என்று, யாரும் கேட்காத ஒன்றையும் சொன்னார்.

லாரி ஹாரன் அடித்தது.

பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் செல்லாயியைக் காலைத் தூக்கச் சொல்ல வேண்டும். நான் குனிந்தேன். அவள் பாதத்தில் களத்து நெல்தூசி அப்பியிருந்தது. கட்டைவிரல் என் பெட்டியின் பூட்டில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தேன். சாப்பிடுகிறவளை எப்படி எழுப்புவது?

ஹாரன் இன்னொரு தடவை அடித்தது. பிறகு காரைக்குடிப் பக்கம் தேய்ந்துகொண்டே போயிற்று.

"நீ என்ன நின்னுக்கிட்டே இருக்க?" என்றார் சூசையம்மா என்னிடம், அடுத்த சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

செல்லாயி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். காலை எடுக்கவில்லை.